கூகுள், டின்ஐ, யாண்டெக்ஸ்: ஒரு பனியன் கம்பெனிக்காரன் தேடிப் பார்த்தவரை

பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில், 22 மெஷின் ஓடுகிற சின்ன பனியன் கம்பெனி என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் முகம் தெரியாத ஒரு பையரை, அதாவது சரக்கு வாங்குகிறவரை, நம்பிச் சரக்கை ஏற்றிவிட்டு, நாலே கால் லட்சத்தை விட்டேன். அதற்கப்புறம் தேடிப் பார்க்காமல் துணியில் கத்திரி வைப்பதில்லை.

போன மார்கழியில் லண்டனிலிருந்து ஒரு மெயில். ரவுண்ட் நெக் 18,000 பீஸ். ஆர்டர் பேப்பர், குடோன் போட்டோ எல்லாம் கூடவே வந்தன. கணக்குப் பார்க்கிற தம்பிக்கு ஒரே சந்தோஷம். “அண்ணா, கம்பெனி நம்பர் சரியா இருக்குங்க, வெப்சைட்டும் இருக்குங்க. நூலுக்குச் சொல்லிடலாங்களா?” என்றான். கொஞ்சம் பொறு என்றேன்.

கூகுளில் வெறும் பெயரை மட்டும் அடித்தால் அவர்களே போட்டுவைத்த பக்கம்தான் முதலில் வரும். அதனால் நான் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுவேன். அப்புறம் ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி ஆங்கிலத்தில் ‘சைட்’, முக்காற்புள்ளி, அவர்களுடைய வெப்சைட் முகவரி. நடுவில் இடைவெளி விடக் கூடாது. இப்போது அவர்கள் பக்கம் ஒதுங்கிவிடும். மற்றவர்கள் எழுதியது மட்டும் மிஞ்சும். கம்பெனி இருக்கிற தெரு முகவரியையும் போன் நம்பரையும் இதே மாதிரி மேற்கோளுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். நம்பரைச் சேர்த்து ஒரு முறை, இடைவெளி விட்டு ஒரு முறை, நாட்டுக் குறியீட்டோடு ஒரு முறை.

முகவரியைத் தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதே பெயர், அதே தெரு, ஆனால் வேறொரு வெப்சைட். பிரிட்டன் அரசின் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டைக் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். கம்பெனி நம்பர் நிஜம்தான். ஆனால் யாரும் பார்க்கக்கூடிய நம்பரை யாரும் எடுத்தும் போடலாமே! பழைய பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்த இன்னொரு வெப்சைட்டுக்குப் பல வருடப் பிரதிகள் இருந்தன. எங்களுக்கு மெயில் அனுப்பியவரின் வெப்சைட்டுக்கு ஒன்றுகூட இல்லை. வெப்சைட் பெயர் எப்போது பதிவானது என்று காட்டும் ஹூயிஸில் பார்த்தால், அது பதிவாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

போட்டோவை வைத்தே அது வேறு எங்கே இருக்கிறது என்று தேட, என் கை முதலில் போவது டின்ஐ தளத்துக்கு. 2008இல் வந்தது. ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்தினால், அதற்குத் தெரிந்தவரை அந்தப் படம் முதலில் எங்கே வந்தது என்று காட்டும். அந்த குடோன் படம் பல வருடமாகப் படம் விற்கிற ஒரு தளத்தில் கிடந்தது. கூகுள் லென்ஸ் பொருளை அடையாளம் காண நல்லது. பிரிண்ட், லோகோ பார்க்க அதைத்தான் எடுப்பேன். கட்டடம், தெரு என்றால் ரஷ்யத் தேடுதளமான யாண்டெக்ஸ் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால் யாருடைய பாஸ்போர்ட் நகலையும் எந்தத் தளத்திலும் ஏற்ற மாட்டேன். அது அவர்கள் நம்மை நம்பித் தந்தது.

கடைசியாக நிஜ கம்பெனிக்குப் போன் போட்டோம். அப்படி ஓர் ஆர்டரே தரவில்லை என்றார்கள். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிட வேலை.

கூகுளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேடல் முடிவுக்குப் பக்கத்திலேயே கிடைத்துக்கொண்டிருந்த, அந்தந்த வெப்பக்கத்தின் பழைய பிரதியை 2024இல் எடுத்துவிட்டார்கள். அவசரத்துக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

உள்ளூர்ப் பார்ட்டி என்றால் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். நமக்கு 33, மகாராஷ்டிராவுக்கு 27. ஜிஎஸ்டி தளத்தில் அடித்தால் பதிவான பெயரும் இப்போதைய நிலையும் வந்துவிடும்.

நேற்று பெருமாநல்லூர் மாமா ஒருவர் மும்பை பார்ட்டியின் பில்லை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். முகவரி மும்பை, எண் 24இல் தொடங்குகிறது. அது குஜராத். சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து மற்றதையும் தேட வேண்டும்.