அடி வாங்கிய சவுத் டகோட்டா, பெயர் வாங்காத வாஷிங்டன்

சவுத் டகோட்டா, வாஷிங்டன் இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர்க்கப்பல்கள். காகிதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பலம்: மூன்று கோபுரங்களில் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகள். வாஷிங்டன் 1941 மே மாதம் சேவைக்கு வந்தது. 14 அங்குலக் குண்டுகளைத் தாங்கும் அளவுக்கே அதன் கவசம். அடுத்த ஆண்டு வந்த சவுத் டகோட்டா நீளத்தில் குட்டை, ஆனால் கவசம் கெட்டி. இதை வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் சவுத் டகோட்டாதான் மேல்.

ஆனால் 1942 நவம்பர் 14-15 நள்ளிரவில், பசிபிக் தீவான குவாடல்கனால் அருகே ஜப்பானியக் கப்பல்களோடு நடந்த சண்டையில் கதை வேறு. கூட வந்த நான்கு நாசகாரிக் கப்பல்களும் ஆரம்பத்திலேயே மூழ்கியோ அடிபட்டோ சண்டையிலிருந்து விலகிவிட்டன. சவுத் டகோட்டாவில் மின்சாரமே போய்விட்டது, ரேடார் குருடு. ஜப்பானியர்கள் தேடுவிளக்குகளைப் போட்டு அதை வெளுத்து வாங்கினார்கள். குறைந்தது 26 குண்டுகள் பட்டன, ஏறக்குறைய 40 மாலுமிகள் இறந்தார்கள். கவசம் கெட்டி என்பதால் கப்பல் மூழ்கவில்லை. மேல்தளக் கருவிகள்தான் நாசம்.

வாஷிங்டன் கப்பலில் இருந்து தலைமை வகித்தவர் அட்மிரல் வில்லிஸ் லீ. 1920 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஏழு பதக்கம் வாங்கிய மனிதர், ரேடாரை நுணுக்கமாகப் படித்தவரும்கூட. திரையில் பெரிய இலக்கு ஒன்று தெரிந்தும், அது சவுத் டகோட்டாவாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று சுடாமல் காத்திருந்தார். எதிரியின் தேடுவிளக்கே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. எட்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்து, சில நிமிடங்களில் 75 பெரிய குண்டுகள். ஜப்பானியப் போர்க்கப்பல் கிரிஷிமா விடிவதற்குள் மூழ்கியது.

சரி, பெயர் யாருக்குப் போனது? பழுது பார்க்க ஊர் திரும்பிய சவுத் டகோட்டாவுக்கு! தணிக்கையால் பெயர் மறைக்கப்பட்டு, 'போர்க்கப்பல் எக்ஸ்' என்று பத்திரிகைகளில் புகழப்பட்டது. அதற்கு முன் சாண்டா குரூஸ் சண்டையில் 26 விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கும் சேர்ந்துகொண்டது. விமானக் கணக்குகள் அந்தக் காலத்தில் எப்போதும் கொஞ்சம் தாராளம்தான்.

என் ஓட்டு வாஷிங்டனுக்கே. ஒரு திருத்தத்தோடு: சவுத் டகோட்டா அந்த வெளிச்சத்தில் மாட்டியிருக்காவிட்டால், லீ இன்னும் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பாரோ.

அப்புறம் 1945 செப்டம்பர் 2 அன்று, ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸின் தலைமைக் கப்பலாக நின்றது சவுத் டகோட்டா. வாஷிங்டன் அப்போது அமெரிக்காவில், மராமத்தில் இருந்தது.