ஒரே மேய்ச்சல் தரை: மாடா, செம்மறியா?

மதுரை நாகமலை அடிவாரம் மாதிரியான வறண்ட தரையில் எதை மேயவிடலாம்? என் வாக்கு மாட்டுக்கு.

மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்துக் கடிக்கும். தரையை ஒட்டி மேய அதற்கு வராது. கொழுக்கட்டைப் புல்லின் அடித்தூர் தப்பி, அடுத்த மழையில் துளிர்த்துவிடும். செம்மறிக்கு மெல்லிய, பிளந்த மேலுதடு. தரையோடு தரையாக நறுக்கிவிடும். சின்னச் சின்னப் பூண்டுகளையும் பொறுக்கித் தின்னும். நாள்தோறும் இப்படி மேய்ந்தால் உயரப் புற்களின் வேர் இளைத்து, தரையில் படரும் அறுகு அந்த இடத்தைப் பிடிக்கும். அறுகு நல்ல புல்தான், ஆனால் பலவகைப் புல் நின்ற இடம் ஒரே வகையாகிவிடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். அப்புறம் அதையும் ஒட்ட மேய்ந்துவிட்டால், கால்நடை வாய்வைக்காத ஆவாரைதான் மிஞ்சும்.

சரி, மாட்டிலும் குறை உண்டு. ஈர மண்ணைக் குளம்பு இறுக்கும். சீமைக்கருவேல நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பும். இதை ஆடும் செய்யும்.

புலிக்குளம் என்ற நாட்டு இன மாடுகளைப் போல இடம் மாறும் கிடை (மந்தை) என்றால் புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். செம்மறிதான் இருக்கிறதா? புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை பொறுத்து, சில நாள் மட்டும் விடுங்கள்.