நெற்றியில் சாயும் முடி: குட்டையா, நீளமா, கர்ட்டனா?

சைடு பேங்ஸ், அதாவது நெற்றியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் முன்முடி, வெட்டிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது முக வடிவப் பட்டியலைத்தான். வட்ட முகத்துக்கு இது, சதுர முகத்துக்கு அது என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியல் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் முன்முடி வேரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது? வெட்டு முகத்துக்கு எவ்வளவு பொருந்தினாலும், வேர் எதிர்ப்பக்கம் இழுத்தால் தினமும் காலையில் கண்ணாடி முன் மல்லுக்கு நிற்கவேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தலைக்குக் குளித்ததும் ஈர முடியை முழுவதும் பின்னால் வாருங்கள். உச்சியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்னால் தள்ளுங்கள். முடி தானாக ஓரிடத்தில் பிரியும். அதுதான் உங்கள் இயல்பான வகிடு. நெற்றி ஓரத்தில் சுழி இருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். அந்த இடத்து முடி மட்டும் சொல்பேச்சு கேட்காமல் மேலே துள்ளி நிற்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பார்லருக்குப் போகிறவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

இனி போட்டியாளர்களைப் பார்ப்போம். குட்டை சைடு பேங்ஸ், வகிட்டுப் பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, மறுபக்கம் கண்ணின் வெளி ஓரத்தில் முடியும். நீளமானது புருவத்துக்குக் கீழே தொடங்கிக் கன்ன எலும்பைத் தாண்டி இறங்கும். சிலர் தாடை வரைக்கும் விடுவார்கள். கர்ட்டன் பேங்ஸ் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கும். நடுவில் குட்டை, ஓரங்களில் நீளம். 1960களில் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோவின் படங்களில் பார்த்த அதே பாணிதான், இடையில் மறைந்து மறுபடி வந்திருக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் கர்ட்டன், சைடு பேங்ஸ் குடும்பத்தில் சேராது. ஆனாலும் சைடு பேங்ஸ் கேட்டுப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது அதுவாகவே இருப்பதால் அதையும் சேர்த்தே அலசுகிறேன்.

முகத்துக்கு எது?

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும், பட்டியலே தேவைப்படாது: முடியின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே பார்வை நிற்கும். எந்த இடத்தை எடுப்பாகக் காட்டவேண்டுமோ அங்கே நுனி விழட்டும். எந்த இடத்தை அடக்கிக் காட்டவேண்டுமோ அதைத் தாண்டிப் போகட்டும்.

வட்ட முகத்தில் இது நன்றாகப் புரியும். அந்த முகத்தில் அகலமான இடம் கன்னத்தின் நடுப்பகுதி. நுனி சரியாக அங்கே வந்து நின்றால் கன்னம் இன்னும் உப்பியதாகத் தெரியும். குட்டை பேங்ஸ் வேறொரு விதத்தில் கெடுக்கிறது: நெற்றியை மூடி முகத்தின் நீளத்தைக் குறைத்துவிடுவதால், மிச்சமிருக்கும் பகுதி இன்னும் அகலமாகிவிடும். ஆகவே வட்ட முகத்துக்கு நீள சைடு பேங்ஸ்தான் தெளிவான வெற்றி. வகிட்டை நடுவிலிருந்து நன்றாகத் தள்ளி எடுத்து, வேரில் கொஞ்சம் தூக்கல் கொடுத்து, சாய்கோடாக இறக்கி, கன்ன எலும்புக்கும் தாடைக்கும் இடையில் முடித்தால் முகத்தின் குறுக்கே ஒரு சரிவு விழும். நெற்றியில் ஒரு முக்கோணம் திறந்தே இருக்கும். அந்தத் திறப்பு முக்கியம். முகம் நீண்டு தெரிவது அதனால்தான். கர்ட்டனும் இங்கே மோசமில்லை, ஓரங்கள் கன்னத்தைத் தாண்டி இறங்கினால்.

நீள முகத்துக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். இங்கே மூடவேண்டியது நெற்றியின் உயரம். குட்டை சைடு பேங்ஸ் தன் திறமையைக் காட்டும் இடம் இதுதான். புருவத்தை ஒட்டி, சாய்வு அதிகம் இல்லாமல், கொஞ்சம் அடர்த்தியாக விழுந்தால் முகம் சட்டென்று அளவாகிவிடும். உச்சியில் தூக்கல் மட்டும் வேண்டாம். மூடிய நெற்றியின் பலனை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். நீள முகத்துக்குத் தாடை வரை நீளும் பேங்ஸ் எடுத்தால் முகத்தின் இரு பக்கமும் நேர்க்கோடு விழுந்து இன்னும் நீட்டிவிடும்.

சதுர முகத்தில் பிரச்சினை தாடை மூலை. நுனி அந்த மூலையில் வந்து நிற்கக்கூடாது, நறுக்கென்று நேராகவும் இருக்கக்கூடாது. கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே முடியும், நுனி மெலிந்த நீள பேங்ஸ் போதும். மேலே அகன்று மோவாயில் குறுகும் முகத்துக்குக் கர்ட்டன் அழகாகப் பொருந்தும். நெற்றியின் இரண்டு ஓரங்களையும் அது ஒரே நேரத்தில் குறைப்பதால், ஒரு பக்கம் மட்டும் சாயும் பேங்ஸைவிட இங்கே ஒரு படி மேல். கன்ன எலும்பு துருத்திய முகமென்றால் நுனியைக் கன்ன எலும்பில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். முட்டை வடிவ முகத்துக்கு மூன்றும் சரி. அவர்கள் நேராக முடியின் தன்மையைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

கண்ணாடி அணிபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குட்டை பேங்ஸின் நுனி ஃபிரேமின் மேல்விளிம்பில் உட்காரும். நாள் முழுக்க அது அங்கே முட்டிக்கொண்டும் கலைந்துகொண்டும் இருக்கும். நீளமானது ஃபிரேமைக் கடந்து ஓரமாக இறங்கிவிடும். கண்ணாடி கனமான ஃபிரேம் என்றால் மெல்லிய பேங்ஸ், மெல்லிய ஃபிரேம் என்றால் எதுவும்.

முடி என்ன சொல்கிறது?

மெலிந்த முடிக்காரர்கள் அடர்த்தியான பேங்ஸ் படத்தைக் காட்டி அதே மாதிரி கேட்பதுதான் அதிகம் நடக்கும் ஏமாற்றம். முன்னால் அடர்த்தி காட்டவேண்டுமானால் முடியைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் எடுக்கவேண்டும். எடுத்தால் மிச்ச முடி வெறிச்சோடும். மெலிந்த முடிக்கு இடைவெளி தெரிய விழும் லேசான பேங்ஸ்தான் நேர்மையான தேர்வு. நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி குறைந்திருந்தால் நீள சைடு பேங்ஸ் அதை மறைக்கவும் உதவும். வகிடே அகன்றுகொண்டு போகிறது என்றால் பேங்ஸைத் தள்ளிப்போட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை.

தடித்த நேர்முடிக்குக் குட்டை பேங்ஸ் கொஞ்சம் ஆபத்து. கனம் இல்லாததால் கீழே படியாமல் நெற்றியிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நீளம் கூடினால் தன் கனத்திலேயே படியும். சுழி உள்ளவர்களுக்கும் இதே காரணத்தால் நீளம்தான் நல்லது.

சுருட்டை முடிக்கு சைடு பேங்ஸ் ஆகாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆகாதது, அதை ஈரத்தில் இழுத்துப்பிடித்து வெட்டுவது. ஈரத்தில் எல்லா முடியும் நீளும், காய்ந்ததும் ஏறும். சுருட்டையில் இந்த ஏற்றம் மிக அதிகம். புருவத்துக்கு அளந்தது காய்ந்ததும் நடுநெற்றியில் நிற்கும். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில், ஒவ்வொரு சுருளாக, அது விழும் இடத்தில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். முதல் முறை கன்ன எலும்புக்குக் கீழேயே நிறுத்துங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

வெட்டும் நாளில்

எவ்வளவு முடியை எடுப்பது என்பதற்கு ஓர் எளிய அளவு இருக்கிறது. சீப்பைத் தலையின் மேல் நெடுக்குவாட்டில் படுக்கவையுங்கள். முன்பக்கம் தலை வளைந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் சீப்பு தலையை விட்டு விலகும். பேங்ஸுக்கான முக்கோணத்தின் உச்சி அந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போகவேண்டாம். அடிப்பாகம் ஒரு புருவத்தின் வளைவிலிருந்து மறு புருவத்தின் வளைவு வரை. அதிகம் போனால் கண்ணின் வெளி ஓரம். அதற்கு மேல் அகலமாக எடுத்தால் நெற்றிப்பொட்டுப் பக்கத்து முடி குறைந்து, முடியைக் கட்டும்போது காது ஓரம் வெறுமையாகத் தெரியும்.

வீட்டிலேயே வெட்டலாமா? குட்டை பேங்ஸ் என்றால் வேண்டாம் என்பேன். நீளமானதை, துணிச்சல் இருந்தால், காய்ந்த முடியில் செய்யலாம். எடுத்த முக்கோணத்தை, அது சாயவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்து, நினைத்த அளவுக்கு 2 சென்டிமீட்டர் கீழே வெட்டவேண்டும். விட்டுவிட்டால் வகிட்டுப் பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் சரிவு தானாக வந்துவிடும். கத்தரியைக் குறுக்காக வைக்காமல் செங்குத்தாக நுழைத்து நுனியைக் கொத்திவிட்டால் கோடு தெரியாது. துணிக் கத்தரியும் காகிதக் கத்தரியும் இந்த வேலைக்கு ஆகாது. முடியை நழுவவிட்டுப் படிப்படியாக வெட்டிவைக்கும்.

இன்னொன்று. செல்ஃபி கேமரா சில ஃபோன்களில் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும், சிலவற்றில் மாற்றாது. உங்கள் படத்தையே காட்டி “இந்தப் பக்கம்” என்று சொல்லாதீர்கள். கையால் தொட்டுக் காட்டுங்கள்.

அன்றாடப் பராமரிப்பில் யார் ஜெயிக்கிறார்?

ஈரம் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும், காயும்போது மறுபடி இறுகும். எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையையே முடி பிடித்துக்கொள்ளும். ஆகவே குளித்து வந்ததும் மற்ற முடியைத் துண்டில் சுற்றிவிட்டு, முதலில் பேங்ஸை உலர்த்தவேண்டும். டிரையரின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, பிரஷால் வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை என்று மாறி மாறி நெற்றியோடு ஒட்டி இழுங்கள். வேர் எந்தப் பக்கமும் சார்பில்லாமல் ஆனபிறகு, வேண்டிய பக்கம் சாய்த்துக் குளிர்காற்றில் முடியுங்கள். சுழியை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பாதி காய்ந்த பிறகு நினைவு வந்தால், வேரை மறுபடி நனைத்துத்தான் ஆகவேண்டும்.

கருவிகளில் ரோலருக்கே என் ஓட்டு. ஒட்டும் வகைப் பெரிய ரோலரை, கிட்டத்தட்டக் காய்ந்த பேங்ஸில் சுற்றி, சூடு காட்டி, முழுக்க ஆறியபின் எடுத்தால் வளைவு இயற்கையாக இருக்கும். சைடு பேங்ஸுக்கு ஒரு ரோலர், கர்ட்டனுக்கு இரண்டு. கர்ட்டனில் இரண்டையும் முகத்தைவிட்டு வெளிப்பக்கம் சுற்றவேண்டும். ரவுண்டு பிரஷில் இதைவிட வேகமாக முடியும், ஆனால் அதிகம் உருட்டினால் நெற்றியில் குழாய் மாதிரி ஒரு சுருள் நிற்கும். ஸ்ட்ரெய்ட்னர் சுழியைத் தட்டையாக்கும், கூடவே உயிரையும் எடுத்துவிடும். பயன்படுத்தினால் மெலிந்த முடிக்கு 150 டிகிரி செல்சியஸ், தடித்ததுக்கு 180 போதும். வெப்பக் காப்பு ஸ்ப்ரே அவசியம். ஈர முடியில் மட்டும் வைக்கவே வேண்டாம்; உள்ளிருக்கும் நீர் கொதித்து முடித்தண்டில் குமிழி விட்டு, அந்த இடத்தில் முடி ஒடியும்.

எண்ணெய்ப் பிசுக்கில் குட்டை பேங்ஸ் படுதோல்வி. நாள் முழுக்க நெற்றியோடு ஒட்டிக் கிடப்பதால் மதியத்துக்குள் கீற்றுக் கீற்றாகப் பிரியும். மற்ற முடியைக் கட்டிவிட்டு பேங்ஸை மட்டும் வாஷ்பேசினில் அலசிக்கொள்ளலாம், அல்லது வேரில் கொஞ்சம் டிரை ஷாம்பூ (தண்ணீர் இல்லாமலே பிசுக்கை உறிஞ்சுவது). சீரம், கிரீம் எல்லாம் நுனியோடு நிற்கட்டும். நெற்றியில் பொடிப் பொடியாகப் பரு வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது அவற்றைத்தான். அதிகம் வியர்ப்பவர்களுக்கு, ஓடுபவர்களுக்கு, காதுக்குப் பின்னால் தள்ளவோ கிளிப்பில் அடக்கவோ முடியாத எந்த நீளமும் தொல்லை. இங்கே நீளமானதும் கர்ட்டனும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாகவும் வளரும். குட்டை பேங்ஸ் ஒரு மாதத்தில் கண்ணைக் குத்தத் தொடங்கும். 3, 4 வாரத்துக்கு ஒரு முறை நறுக்கவேண்டும். நீளமானது 6, 8 வாரம் தாங்கும். கர்ட்டனின் நடுப்பகுதி அதைவிடச் சீக்கிரம் மூக்கில் இறங்கும் என்றாலும், அப்படியே விட்டால் முகத்தை ஒட்டிய லேயராக மாறிவிடும். வெட்டியது பிடிக்காமல் வளர்த்து விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்குதான் எல்லாமே. புருவத்திலிருந்து மோவாய் வரை வர ஏறக்குறைய ஒரு வருடம். கன்ன எலும்பிலிருந்து என்றால் அதில் பாதி.

அதனால் முதல் முறை வெட்டுகிறவர்களுக்கு, நீள முகமாக இருந்தாலும், கன்ன எலும்பு அளவில் தொடங்கச் சொல்வேன். இரண்டு மாதம் அதோடு பழகிப் பார்த்து, நெற்றி இன்னும் மூடவேண்டும் என்று தோன்றினால் அடுத்த முறை புருவம் வரை ஏறலாம். நீள முகம், சுழியில்லாத நடுத்தர நேர்முடி, மாதாமாதம் நறுக்கப் பொறுமை இந்த மூன்றும் சேர்ந்தவருக்குக் குட்டை பேங்ஸ் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மனசு இரண்டாக இருந்தால், வெட்டும் முன் குதிரைவாலை உச்சியில் கட்டி, நுனியை முன்னால் கவிழ்த்து, நெற்றியில் சாய்த்துக் கிளிப் போட்டு, வெவ்வேறு நீளத்தில் படம் எடுத்துப் பாருங்கள்.