முதல் பெரிய காலிபர் ரைஃபிள்: .375, .416, .458 – எது யாருக்கு?

எருமை, யானை, சிங்கம் என்று ஆப்பிரிக்காவின் ஆபத்தான விலங்குகளை மனத்தில் வைத்து ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது குண்டின் ஆற்றலை. முதலில் பார்க்க வேண்டியதோ உதையை. நல்ல குண்டு சரியான இடத்தில் பட்டால் .375-க்கும் எருமை விழும், .458-க்கும் விழும் (இந்த எண்கள் காலிபர், அதாவது அங்குலத்தில் குண்டின் விட்டம்). இவற்றுக்கு இடையிலான பெரிய வித்தியாசம் சுடுகிறவரின் தோளில்தான் தெரியும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிறவர் கையில் எந்தக் காலிபர் இருந்தாலும் குண்டு வயிற்றில்தான் போய்ப் படும். வயிற்றில் அடிபட்ட எருமையைப் புதருக்குள் தேடிப் போவதைவிட மோசமான வேலை வேட்டையில் கிடையாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375தான் கீழ் எல்லை. சில நாடுகள் ஆற்றலையும் கேட்கும். நமீபியாவில் எருமைக்கும் யானைக்கும் குழல்முனையில் 5,400 ஜூல் வேண்டும். ஜிம்பாப்வேயில் 9.2 மி.மீ. விட்டமும் 5,300 ஜூலும்.

கீழே உள்ளவை வழக்கமான ஃபேக்டரி தோட்டாக்களின் தோராய அளவுகள். பட்டியலின் கடைசி நெடுவரிசை, 3.6 கிலோ .30-06 ரைஃபிளின் உதையை 1 என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 9.3 ரைஃபிளுக்கு 3.7 கிலோ, .375-க்கு 4.3 கிலோ, மற்றவற்றுக்கு 4.5 கிலோ என்று எடை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

| தோட்டா | அறிமுகம் | குண்டு எடை (கிரெய்ன்) | வேகம் (அடி/வினாடி) | ஆற்றல் (ஜூல்) | உதை |
|---|---|---|---|---|---|
| 9.3x62 | 1905 | 286 | 2,360 | 4,800 | 1.5 |
| .375 எச் அண்ட் எச் | 1912 | 300 | 2,530 | 5,800 | 2 |
| .416 ரெமிங்டன் | 1980களின் இறுதி | 400 | 2,400 | 6,900 | 2.6 |
| .416 ரிக்பி | 1911 | 400 | 2,400 | 6,900 | 2.8 |
| .458 வின்செஸ்டர் | 1956 | 500 | 2,100 | 6,600 | 2.8 |
| .458 லாட் | 1971 | 500 | 2,300 | 8,000 | 3.4 |

9.3x62-ஆ, .375-ஆ?

பெர்லினில் ஓட்டோ பாக் வடிவமைத்த 9.3x62 தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதியான சாதாரண நீள மவுசர் ஆக்‌ஷனிலேயே அடங்கிவிடும். அதனால் ரைஃபிள் எடை குறையும், போல்ட் (தோட்டாவைத் தள்ளி ஏற்றி மூடும் தண்டு) ஓட்டம் குட்டை, மேகசினில் ஐந்து தோட்டா நிற்கும். காட்டுப்பன்றிக்கும் மூஸ் மானுக்கும் இதைவிட இதமான பெரிய காலிபர் கிடையாது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: விட்டத்தில் ஜிம்பாப்வே விதியைத் தாண்டிவிடுகிறது, ஆற்றலில் 500 ஜூல் குறைகிறது. வேகம் கூட்டிய தோட்டாக்களை வைத்துச் சிலர் அந்த எல்லையைத் தொடப் பார்ப்பார்கள். எருமை நிச்சயம் என்று முடிவாகிவிட்டால், விதியின் விளிம்பில் நிற்கும் துப்பாக்கியை வாங்குவதில் அர்த்தமில்லை.

.375 எச் அண்ட் எச்சின் பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, 300 கிரெய்ன் குண்டின் பாதை .30-06-ன் 180 கிரெய்ன் குண்டின் பாதையை ஒட்டியே போகும். அதனால் ஈலண்ட், கூடு போன்ற பெரிய மான்களை 200 மீட்டரிலும் எடுக்கலாம். எருமைக்கு வேறு, மானுக்கு வேறு என்று இரண்டு ரைஃபிள் தூக்க வேண்டியதில்லை. இன்னொன்று, அந்த நீண்ட, முனை நோக்கிச் சரிந்து போகும் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு). மேகசினிலிருந்து சேம்பருக்குள் (சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் அறை) வழுக்கிக்கொண்டு போகும். சுட்ட பிறகும் ஒட்டாமல் வெளியே வரும். கேஸ் அடியில் உள்ள பெல்ட், அதாவது தடித்த வளையம், வலிமைக்காக வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஹெட்ஸ்பேஸுக்கு, அதாவது தோட்டா சேம்பரில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்காக. கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே குறுகும் பகுதி) சரிவு அதிகம் என்பதால் தோளை நம்பி நிறுத்த முடியவில்லை. வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் சைஸிங் டையை (சுட்ட கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அந்தத் தோளுக்குப் பார்த்து அமைக்க வேண்டும். பெல்ட்டை நம்பி முழுக்கத் தள்ளினால் பெல்ட்டுக்குச் சற்று மேலே கேஸ் நீண்டு நீண்டு, சில சுற்றுகளில் அங்கேயே அறுந்துவிடும்.

.416: ரிக்பியா, ரெமிங்டனா?

.375-ஐவிடத் தெளிவாக ஒரு படி மேலே. குண்டு 100 கிரெய்ன் கூடுதல், வேகம் கிட்டத்தட்ட அதே. எருமை மட்டுமே குறி என்பவருக்கு அருமையான காலிபர். ரிக்பி, ரெமிங்டன் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. செய்யும் விதம்தான் வேறு. ரிக்பியின் பெரிய கேஸ் 52,000 பி.எஸ்.ஐ. உச்ச அழுத்தத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. ரெமிங்டனுக்கு அதே வேகத்துக்கு 65,000 தேவைப்படுகிறது. கொதிக்கும் வெயிலில் வண்டி டேஷ்போர்டில் கிடந்த தோட்டாவின் அழுத்தம் இன்னும் ஏறும். கேஸ் சேம்பரில் இறுகிக்கொண்டால் இரண்டாவது சுடலுக்கு வழியில்லை. தோட்டாவை நிழலில் வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

ரிக்பிக்குக் கொடுக்கும் விலை ஆக்‌ஷனில் இருக்கிறது. கேஸ் அடி விட்டம் 15 மி.மீ., ரெமிங்டன் போன்ற பெல்ட் வகைகளுக்கு 13.5. போல்ட் முகமும் மேகசினும் பெரிதாக வேண்டும்; ரைஃபிள் தடிக்கும், விலை ஏறும். பழைய பெயரின் மயக்கம் இல்லாதவர்கள் ரெமிங்டனையே எடுக்கலாம். .375-ன் அதே அளவு ஆக்‌ஷனில் அது வந்துவிடும்.

.458 ஏன் முதல் ரைஃபிள் ஆகாது?

.458 வின்செஸ்டரைச் சாதாரண நீள ஆக்‌ஷனில் அடக்க கேஸை 2.5 அங்குலமாகச் சுருக்கினார்கள். 500 கிரெய்ன் குண்டுக்குப் பின்னால் வெடிமருந்துக்கு இடம் போதவில்லை. அழுத்தி நிரப்ப வேண்டியிருந்தது. ஆரம்பகாலத் தோட்டாக்களில் அந்த மருந்து நாளடைவில் கட்டிபட்டு, வேகம் படுத்தது. வேகம் படுத்த குண்டு யானையின் மண்டையோட்டுக்குள் பாதியில் நிற்கும். இன்றைய மருந்துகளில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது, கெட்ட பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1959-ல் மொசாம்பிக்கில் எருமையிடம் குத்துப்பட்ட ஜாக் லாட், கேஸை 2.8 அங்குலமாக நீட்டிச் செய்ததே .458 லாட். லாட் சேம்பரில் வின்செஸ்டர் தோட்டாவையும் சுடலாம். பயிற்சிக்கு அது, வேட்டைக்கு இது என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் .30-06-ஐப் போல மூன்றரை மடங்கு உதைக்கும் துப்பாக்கியில் சுடக் கற்றுக்கொள்வது நடக்காத காரியம். .458 குண்டின் பாதையும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். 150 மீட்டருக்கு அப்பால் மானைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யானை வேட்டைக்காரருக்கும், காயம்பட்ட விலங்கைத் தடுத்து நிறுத்த வேண்டிய வழிகாட்டிக்கும்தான் இது.

போல்ட்டா, டபுளா?

இரட்டைக் குழல் ரைஃபிளில் இரண்டாவது சுடலுக்கு விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் போதும். அந்த ஒரு விஷயத்தில் எந்தப் போல்ட்டும் அதற்கு ஈடாகாது. ஆனால் இரு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும் மட்டுமே சீர்செய்யப்பட்டிருக்கும். வேறு தோட்டா போட்டால் வலக் குழல் ஒரு பக்கம், இடக் குழல் ஒரு பக்கம். விலை நல்ல போல்ட் ரைஃபிளைப் போலப் பல மடங்கு. முதல் ரைஃபிளாக வேண்டாம்.

போல்ட்டில் கண்ட்ரோல்டு ஃபீட், புஷ் ஃபீட் என்ற பழைய சண்டை ஒன்று உண்டு. மவுசர் 98 வழியில் வந்தவை, வின்செஸ்டர் மாடல் 70 சஃபாரி எக்ஸ்பிரஸ், சிசட் 550 எல்லாம் முதல் வகை: மேகசினை விட்டுக் கிளம்பும்போதே தோட்டாவின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) பிடித்துக்கொள்ளும். ரெமிங்டன் 700 இரண்டாவது வகை: போல்ட் தோட்டாவை முன்னே தள்ளும், மூடிய பிறகே பிடிக்கும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டு மறுபடி பின்னால் இழுத்துவிட்டால், முதல் வகையில் தோட்டா போல்ட்டோடு திரும்பி வந்துவிடும். இரண்டாவது வகையில் அது சேம்பரிலேயே தங்கும். அடுத்த தோட்டாவின் முனை அதன் அடியில் போய் முட்டி, எல்லாம் அடைத்துக்கொள்ளும். எருமை இருபது மீட்டரில் திரும்பி நிற்கும்போது இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. இந்தக் காலிபர்களில் கண்ட்ரோல்டு ஃபீட்டுக்கே என் ஓட்டு. ஒரு எச்சரிக்கை: இவற்றில் சிலவற்றில் தோட்டாவை நேரே சேம்பரில் போட்டுப் போல்ட்டை அடித்து மூடினால் எக்ஸ்ட்ராக்டர் உடையும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது

மருந்தும் ப்ரைமரும் இல்லாத டம்மி தோட்டாக்களை, வேட்டைக்கு எடுக்கப் போகும் அதே குண்டு வடிவத்தில் கேளுங்கள். தட்டை மூக்குக் குண்டு சிக்கும் ரைஃபிளில் உருண்டை மூக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். மேகசினை நிறைத்து மெதுவாக, வேகமாக, தோளிலிருந்து இறக்காமல், பிறகு ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்து என்று நான்கு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். நீள ஆக்‌ஷனில் புதியவர்கள் செய்யும் தவறு, போல்ட்டைக் கடைசி வரை இழுக்காமல் விடுவது. காலி கேஸ் வெளியே போய்விடும், புதுத் தோட்டா ஏறியிருக்காது. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். மேகசின் அடித்தட்டின் தாழ் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த தாழ் முதல் உதையில் திறந்து, மிச்சத் தோட்டாக்களைக் காலடியில் கொட்டிவிடும்.

மரக் கட்டையில் இரண்டு குறுக்கு போல்ட்டுகள் வேண்டும். உதையைத் தாங்க வேண்டியது ஆக்‌ஷனின் கீழே உள்ள ரீகாயில் லக். பின்பக்க வால் பகுதிக்கும் மரத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது மரத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுடலும் ஆப்பு அடிப்பது மாதிரி. கட்டை பிடிப்புப் பகுதியில் பிளக்கும். .416-க்கு மேலே குழலிலும் ஒரு லக் இருப்பது நல்லது. வாரின் முன் வளையம் குழலில் இருக்கட்டும். கட்டையில் இருந்தால் உதையில் முன்கை விரலைக் கிழிக்கும். ரைஃபிளைத் தோளில் வைத்தால் வலது கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடமாவது வேண்டும்.

ஸ்கோப் 1–6 மடங்கு போதும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி 90 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு நிச்சயம். மவுண்ட் கழற்றி மாட்டும் வகையாகவும், திருகுகள் வழக்கமான 6-48 அல்லாமல் தடித்த 8-40 ஆகவும் இருக்கட்டும். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்பு சைட்டில் 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். குறி விலகினால் சீர்செய்யாமல் பயணம் கிளம்பாதீர்கள். குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையைக் குறைப்பது உண்மை. சத்தம் பக்கத்தில் நிற்கும் தடம் பார்ப்பவரின் காதைக் கெடுத்துவிடும் என்பதும் உண்மை. அதனால் பல தொழில்முறை வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்காது.

குண்டு

எருமைக்கு முதல் சுடல் ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் போன்ற பாண்டட் (உறையும் ஈயமும் ஒட்டப்பட்ட) வகையோ, பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செப்புக் குண்டோ. சாதாரண மான் குண்டு விலா எலும்பிலேயே சிதறும். யானைக்கு விரியாத சாலிட் மட்டும். வீட்டில் நிரப்பிய தோட்டாவாக இருந்தால் கேஸ் வாயைக் குண்டின் பள்ளத்தில் நன்றாகக் கவ்வவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு உதையிலும் மேகசினில் காத்திருக்கும் குண்டு கேஸுக்குள் இறங்கிக்கொண்டே போகும்; அழுத்தம் தாறுமாறாகும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

ஏற்கனவே .338 அளவில் பழகியவருக்கும், எருமைதான் முழு நோக்கம் என்பவருக்கும் .416 சரி. மற்ற எல்லோருக்கும் .375. சந்தேகம் இருந்தால் இரவல் வாங்கியோ, பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்தோ பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள். மேசையில் சாய்ந்து வேண்டாம். உட்கார்ந்திருந்தால் உடல் உதையோடு பின்னே போகாது, தோள் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். நின்று, முக்காலியில் தாங்கி, 50 மீட்டரில் சுடுங்கள். காது மூடி, அதற்குள் பஞ்சடைப்பான் இரண்டும் இருக்கட்டும். பாதி பயம் சத்தத்தால் வருவது. தோட்டாக்களுக்கு நடுவே மூன்று டம்மிகளை இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் கலந்து ஏற்றட்டும். டம்மியில் விசையை இழுக்கும்போது குழல் முனை கீழே குதித்தால், கை ஏற்கனவே பயந்துவிட்டது. பிறகு அட்டையில் முதல் மூன்று துளைகளையும் கடைசி மூன்றையும் தனித்தனியாக வட்டமிடுங்கள். இரண்டும் ஒரே உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் அந்தக் காலிபரையே வாங்கலாம். கடைசி மூன்றும் கீழே இறங்கிச் சிதறியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.