இல்லாத காலில் வலி: கண்ணாடியா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

காலை எடுத்த பிறகு வருகிற வலியில் இரண்டு வகை உண்டு. வெட்டிய முனையில், அதாவது ஸ்டம்பில் வலிப்பது ஒன்று. இல்லாத பாதம் எரிவது, இல்லாத விரல்கள் முறுக்கிக்கொள்வது, கரன்ட் அடித்த மாதிரி சுளீரென்று இழுப்பது இன்னொன்று. இதை மாய வலி என்கிறார்கள். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது எங்கே வலிக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வைத்தியத்தைத் தொடங்கக் கூடாது.

ஸ்டம்ப் வலி என்றால் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் போய் உட்காரும் கிண்ணத்தை. அறுவைக்குப் பிறகு வீக்கம் வற்றி முனை மெலிந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் கச்சிதமாக இருந்த சாக்கெட் சில மாதங்களில் தளர்ந்து உரசும். ஓர் இடத்தைத் தட்டினால் மட்டும் மின்னல் மாதிரி வலி பாய்ந்தால் வெட்டிய நரம்பின் நுனி முடிச்சாகியிருக்கலாம். அதுதான் நியூரோமா. சிவப்பு, சூடு, சீழ் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் முக்கியமாக.

சரி, மாய வலிக்கு? என் தேர்வில் முதலிடம் கண்ணாடிக்குத்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த முறை இது. இரண்டு காலுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெதுவாக அசைக்க வேண்டும். போன கால் அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். முறுக்கிக்கொண்ட விரல்கள் விரிவதாகவே சிலர் உணர்கிறார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், தினமும் 15 நிமிடம் என நான்கு வாரம் கண்ணாடி பார்த்த அத்தனை பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடி முன் பயிற்சி செய்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. ஒரு குழுவுக்கு ஆறு பேர்தான், ஆகவே சின்ன ஆய்வு. பிந்தைய ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடி, பக்கவிளைவு மிகக் குறைவு. தலைசுற்றலோ மனக்கலக்கமோ வந்தால் நிறுத்திவிடலாம். ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

நடைமுறையில் முதலில் கைக்கு வருவது மாத்திரைதான்: காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். சிலருக்கு இரவுத் தூக்கத்தையாவது மீட்டுத் தருகின்றன, அது சின்ன விஷயமில்லை. ஆனால் காபாபென்டின் மாய வலிக்குப் பலன் தருகிறதா என்று பார்த்த ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மயக்கமும் தள்ளாட்டமும் வரும். ஊன்றுகோலில் நடக்கிறவர் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்தால் இன்னொரு எலும்பு முறிவு. காபாபென்டினும் பிரிகாபலினும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறைக்கப்பட வேண்டும். எந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அறுவை சிகிச்சையில் இப்போது பேசப்படுவது டிஎம்ஆர் (Targeted Muscle Reinnervation). வெட்டுண்ட நரம்பைப் பக்கத்துத் தசைக்குப் போகும் சிறு நரம்போடு தைத்துவிடுவார்கள். போக இடமில்லாமல் முடிச்சாகும் நரம்புக்கு ஒரு வேலை கிடைக்கிறது. 2019-இல் வந்த 28 பேர் ஆய்வில், வழக்கமான நியூரோமா அறுவையைவிட இதில் மாய வலி அதிகம் குறைந்தது. ஆனால் செலவு உண்டு, தேர்ந்த அறுவை நிபுணரும் வேண்டும். தட்டினால் சுளீரென்கிற நியூரோமா இருந்து, மற்றது எதுவும் கேட்காதபோது விசாரிக்க வேண்டிய வழி இது. காலை எடுக்கப்போகிறார்கள் என்றால், அந்த அறுவையின்போதே இதையும் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு காலும் போனவருக்குக் கண்ணாடி வழி இப்படியே பொருந்தாது, காட்ட நல்ல கால் இல்லையே. அவருக்கு மாத்திரையையும் அறுவையையும் டாக்டரோடு சீக்கிரமே பேசிவிடுவது நல்லது.