டேங்க் பேக் வாங்கப் போகிறீர்களா? வண்டியில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பைக் சாமான் கடையில் 2024 டிசம்பரில் 1,850 ராண்ட் கொடுத்து ஒரு டேங்க் பேக், அதாவது பெட்ரோல் டேங்க்மேல் காந்தத்தால் ஒட்டவைக்கும் பை, வாங்கினேன். அந்தப் பையால் வண்டியோடு கீழே விழுந்தேன். பாஸ்போர்ட் நனைந்தது. பல மாதமாகத் திட்டமிட்ட பயணம், பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதைப் பயணம், பாதியில் நின்றது. பையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நம் ஆட்கள் நிறைய பேர் இப்போது பெரிய வண்டி வாங்கி டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் கிளம்புகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய பிஎம்டபிள்யூ எஃப் 800 ஜிஎஸ். இந்த வண்டியைத் தெரிந்தவர்களுக்குக் கதையின் பாதி இப்போதே புரிந்திருக்கும். இதில் பெட்ரோல் டேங்க் முன்னால் கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் போடும் மூடி பின்பக்கம், வலது ஓரத்தில். முன்னால் டேங்க் மாதிரித் தெரிவது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே பேட்டரியும் ஏர் ஃபில்டரும் இருக்கின்றன.

கடையில் வண்டியின் பெயரையும் மாடலையும் தெளிவாகச் சொன்னேன். சானி பாஸ் போகிறேன், மழை வரும் என்றும் சொன்னேன். “இது யுனிவர்சல் சார், எந்த வண்டிக்கும் பிடிக்கும். காந்தம் அவ்வளவு பலம். முழுக்க வாட்டர்ப்ரூஃப்” என்று விற்றவர் சொன்னார். அன்று நான் வண்டியில் போகவில்லை, வேலை முடிந்து காரில் போயிருந்தேன். “வண்டியைக் கொண்டு வாருங்கள், மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டிமேல் வைத்தேன். காந்தம் பிளாஸ்டிக்கில் எப்படி ஒட்டும்? பையில் காந்தம் வைத்த நான்கு மடலும் அப்படியே சரிந்து தொங்கின. கடைக்கு போன் செய்தேன். “பையின் அடிப்பாக்கெட்டில் பெல்ட் இருக்கிறது, அதைப் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது” என்றார்கள். சனிக்கிழமை விடிகாலையில் கிளம்ப வேண்டும், திங்கள் டிசம்பர் 16 விடுமுறை. வேறு பை தேட நேரமில்லை. கட்டினேன்.

என்னோடு வந்தது சாட்ஸ்வர்த் நண்பர். அவருடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், நம் சென்னைப் பக்கம் செய்த வண்டி. என்.3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் வரை சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. நேர் சாலையில் தெரியாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஹோவிக்கில் பெட்ரோல் பங்கில் நின்றோம். பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வர, பம்புக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் வலது பக்கம் முழுசாக ஒடித்துத் திரும்ப வேண்டியிருந்தது. ஹேண்டில்பார் கடைசி வரை திரும்பியதும் வலது கைப்பிடி உள்ளே வந்தது. அங்கே இருக்கும் எஞ்சின் நிறுத்தும் ஸ்விட்சை அந்தப் பையின் பக்கவாட்டு உப்பல் அழுத்திவிட்டது. எஞ்சின் பட்டென்று நின்றது. நடந்து போகும் வேகத்தில், முழுசாக ஒடித்த நிலையில் எஞ்சின் நின்றால் வண்டி நிற்காது, சாயும். 200 கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டி என் வலது கணுக்கால்மேல் சாய்ந்தது. பங்க் ஊழியர் ஒருவரும் நண்பரும் ஓடி வந்து தூக்கினார்கள். முன் பிரேக் லீவரின் நுனி உடைந்திருந்தது.

“அண்ணா, ஸ்விட்சைப் பாருங்க” என்று நண்பர்தான் காட்டினார். ஹேண்டில்பாரை மறுபடி வலது பக்கம் திருப்பினோம். பையின் துணி ஸ்விட்சின்மேல் ஏறி அழுத்துவது கண்ணெதிரே தெரிந்தது. இதுவே சானி பாஸ் கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாதை ஏறி முடியும் இடம் 2,800 மீட்டருக்கும் மேல் உயரம்.

அதே பையை நண்பரின் வண்டியில் வைத்துப் பார்த்தோம். ஹிமாலயன் டேங்க் இரும்பு, காந்தம் கப்பென்று பிடித்தது. ஆக, பை எந்த வண்டிக்குமே ஆகாது என்று சொல்ல முடியாது. என் வண்டிக்கு ஆகாது. அதைத்தான் கடையில் சொல்லாமல் விட்டார்கள்.

பையில் பாதியை எடுத்துப் பின்பெட்டியில் போட்டு, பையைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு மெதுவாக ஆர்.617 சாலையில் போனோம். புல்வர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோடையில் அந்த மலைப்பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வருவது வழக்கம்தான். பையோடு கொடுத்த மழை உறை முதல் பத்து நிமிடத்திலேயே காற்றில் கழன்று ஓரமாகத் தொங்கியது. அண்டர்பர்க் வந்து ஒரு கூரைக்கு அடியில் பையைத் திறந்தபோது அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. ஜிப் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் இறங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வண்டி இன்னும் கடனில் இருப்பதால் எல்லை தாண்ட வங்கியிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். அதில் முத்திரை வெறும் நீலக் கறையாக ஆகிவிட்டது. இந்த இரண்டும் இல்லாமல் லெசோத்தோ எல்லையில் போய் நிற்பதில் அர்த்தமில்லை. இரவு அங்கேயே தங்கிவிட்டு ஞாயிறு திரும்பிவிட்டோம். வீட்டில் பையைக் கழற்றியபோது, அடியில் புகுந்த புழுதி உரசி பிளாஸ்டிக் மூடி முழுக்கக் கீறல்.

செவ்வாய்க்கிழமை பையோடு கடைக்குப் போனேன். இந்த முறை வண்டியிலேயே போனேன். வெளியே வந்து பாருங்கள் என்றேன், வரவில்லை. சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள்: பணம் திருப்பித் தரப்படாது. “நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள், அட்டையைப் பிரித்துவிட்டீர்கள். வேண்டுமானால் கடைக்குள் வேறு பொருள் எடுத்துக்கொள்ள பாதித் தொகைக்கு ரசீது தருகிறோம்” என்றார்கள்.

நான் அங்கேயே ஒத்துக்கொண்டு வந்திருப்பேன். அன்று மாலை, சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இன் 68-ஆம் சட்டம், 55-ஆம் பிரிவில் ஒன்று சொல்கிறது: எந்த வேலைக்காகப் பொருளை வாங்குகிறீர்கள் என்று கடைக்காரரிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால், அந்த வேலைக்குப் பொருத்தமான பொருளை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வண்டி மாடலைச் சொன்னது இங்கேதான் உதவுகிறது. 56-ஆம் பிரிவின்படி, அப்படிப் பொருந்தாத, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. சுவரில் பலகை மாட்டிவிட்டதால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் ஒன்று: நல்ல பொருளை வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் இந்தப் பிரிவு உதவாது. இணையத்தில் வாங்கியிருந்தால் கதை வேறு. பொதுவாகப் பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.

நான் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். ரசீது, பை ஸ்விட்சை அழுத்தும் வீடியோ, உடைந்த லீவர், நனைந்த பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இணைத்தேன். அவர்கள் அசையவில்லை. அப்புறம் நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அமைப்பு) பதிவு செய்தேன். நமக்கு அதற்குக் கட்டணம் இல்லை. கடையிடம் முதலில் புகார் கொடுத்ததற்கான சான்று கேட்பார்கள், அதனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பையை வண்டியில் மாட்டிய நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி வாங்குபவர்களுக்கு. வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து உங்கள் டேங்க்மேல் நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. ஒட்டினாலும் மடலுக்கு அடியில் புழுதி இருந்தால் பெயின்ட் போகும், தினமும் துடைக்க வேண்டும். பெட்ரோல் மூடியைச் சுற்றி வளையம் பொருத்தி மாட்டும் பைகள் உறுதியானவை, கழற்றுவதும் எளிது. ஆனால் மூடி முன்னால் டேங்க்மேல் இருக்கும் வண்டிக்குத்தான் அந்த வளையம். என் வண்டி மாதிரி இருந்தால் பெல்ட் பைதான் வழி. முன் பெல்ட் ஹேண்டில்பார் கழுத்தைச் சுற்றி வரும்போது எந்தக் கேபிளையும் இழுக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தப் பை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எந்தப் பை ஆனாலும், கடை வாசலிலேயே வண்டியில் மாட்டி, உள்ளே துணிமணி திணித்து உப்ப வைத்து, வண்டிமேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஹார்ன், ஸ்டார்ட்டர், நிறுத்தும் ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது. மீட்டர் மறையக் கூடாது. காலி பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை, நிரப்பினால்தான் உப்பும். பூட்டு, ஸ்பானர் மாதிரி கனமான இரும்பு எதையும் அதில் வைக்காதீர்கள். சடாரென்று பிரேக் பிடித்தால் நெஞ்சும் வயிறும் போய் மோதுவது அந்தப் பையில்தான்.

இப்போது வேறு கடையில் 5 லிட்டர் அளவுள்ள பெல்ட் பை ஒன்று வாங்கியிருக்கிறேன். அங்கே இருந்த பையன் அவனாகவே வெளியே வந்து மாட்டிக் காட்டினான். போன், கண்ணாடி, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கடலை மட்டும் அதில். பாஸ்போர்ட்டும் வங்கிக் கடிதமும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், ஜாக்கெட்டின் உள்பையில்.

பழைய பையை அப்படியே அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், சான்றாகக் கேட்டால் கொடுக்க வேண்டும். கடைக்கு எழுதிய புகார்க் கடிதத்தின் வாசகம் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.