கீழமாசி வீதிப் பக்கம் ஒரு ரப்பர் கடை

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது, போர்டே சரியாகத் தெரியாது. ஓ-ரிங், வாசர், குக்கர் கேஸ்கட், ஹோஸ், வெட்டித் தருகிற ரப்பர் ஷீட் எல்லாம் கிடைக்கும். எனக்குப் பிடித்தது, அளவு கேட்பதற்கு முன்னாலேயே "தண்ணிக்கா, டீசலுக்கா, சூடு படுமாண்ணே?" என்று கேட்பதுதான். வேறொரு கடையில் எதையும் கேட்காமல் கொடுத்த வாசர் எங்கள் டீசல் இன்ஜினில் உப்பிப்போய் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மரத்துப் பாலிலிருந்து வருகிற ரப்பர் (நமக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் தோட்டங்கள்) இழுவைக்கும் தேய்மானத்துக்கும் அருமையான சரக்கு, ஆனால் டீசல், பெட்ரோல் பட்டால் அதை உறிஞ்சி ஊதிவிடும், அங்கே நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர்தான் நிற்கும். வெயிலில் கிடக்கிற தண்ணீர்க் குழாய்க்கு ஈபிடிஎம் என்கிற இன்னொரு செயற்கை ரப்பர் நல்லது, அதையும் ஆயில் பக்கம் கொண்டு போகக் கூடாது. மூன்றிலும் பெரும்பாலும் கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் கலந்திருப்பதால் ஒரே கறுப்பு, பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். குக்கருக்குச் சிலிக்கோன் ரப்பர் கேட்டு வாங்குங்கள், 200 டிகிரி வரை தாங்கும், விலை கூடத்தான்.

குறை இல்லாமல் இல்லை. வாசலில் வெயில் படத் தொங்கும் டியூப்களைத் தொடாதீர்கள், வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும், வளைத்துப் பார்த்தாலே தெரியும். உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், கொஞ்சம் முனகுவார், ஆனால் தருவார். பில் கேட்டால்தான் கிடைக்கும். வண்டி நிறுத்த இடமே கிடையாது, நடந்து போங்கள்.